ஆரன் ப்ரூயிட் சுடாத ஆள்

வெர்லின் ஸ்டக்கியின் மாமனார் தன் வாழ்நாளில் ஒருவரையும் சுட்டதில்லை. இது ஒரு குறை என்பது, அவர் செத்துப் புதைத்த இடத்தில் புல் முளைத்த பிறகுதான் குடும்பத்துக்குத் தெரியவந்தது. தெரியவைத்த புண்ணியம் மிசௌரி மாநிலத்தின் மத்தியப் பள்ளத்தாக்குப் பழைய ரிவால்வர் சேகரிப்போர் சங்கத்தையே சேரும்.

மாமனார் ஆரன் ப்ரூயிட், ரயில்வே சரக்குக் கொட்டடியில் இரவுக் காவலாளி. வேலையில் சேர்ந்த அன்று கம்பெனி ஒரு ரிவால்வரைக் கொடுத்தது. ஓய்வு பெற்ற அன்று திருப்பிக் கேட்கக் கம்பெனி மறந்துவிட்டது, ஞாபகப்படுத்த இவரும் மறந்துவிட்டார். அதன்பின் அந்த ரிவால்வருக்கு வருஷத்தில் ஒரு மாதம்தான் வேலை. அந்தப் பக்கத்துக் காட்டில் விழும் கறுப்பு வால்நட் கொட்டையை உடைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பிடிவாதம் தெரியும். சிலர் பாதையில் பரப்பிவிட்டுக் காரை ஏற்றுவார்கள். ஆரன் ப்ரூயிட் கிறிஸ்துமஸுக்கு முன்னால் குண்டுகளை எல்லாம் கழற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, ரிவால்வரைத் தலைகீழாகப் பிடித்து, பிடியின் அடியால் கொட்டைகளை உடைப்பார். உடைத்து உடைத்துப் பிடியில் ஒரு பள்ளமே விழுந்துவிட்டது.

அவருக்குப் பின் அது மகள் நடீனிடம் வந்தது. நடீனின் கணவர்தான் வெர்லின். பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்றதிலிருந்து, காலையில் புது டிரைவர் அதே பஸ்ஸை ஓட்டிக்கொண்டு வாசலைக் கடப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பதைத் தவிர அவருக்கு வேறு அலுவல் இருக்கவில்லை. பிள்ளைகளும் அந்த டிரைவருக்கு அதே உற்சாகத்தோடு கையாட்டினார்கள் என்பது அவரை மிகவும் வருத்தியது. தன்னையும் நாலு பேர் ஏறிட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அந்த வயதில் வருவது தப்பில்லை. வந்த இடம்தான் தப்பு. இரும்புக்கடையில் சங்கத்தின் விளம்பரம் ஒட்டியிருந்தது. வீட்டில் கிடக்கும் பழைய ரிவால்வர்களை ஆண்டுக் கூட்டத்தில் காட்சிக்கு வைக்கலாமாம்.

அவரைவிட நடீனுக்குத்தான் அதில் ஆர்வம். அப்பாவின் காவல் தொப்பி, கைவிளக்கு, வால்நட் கிண்ணத்தோடு அவர் சிரிக்கும் ஒரு படம், ஒரு கிண்ணம் நிஜ வால்நட், எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினாள். ஒரு அட்டையில் தன் கையாலேயே எழுதினாள்: ‘ஆரன் ப்ரூயிட், இரவுக் காவலாளி. பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடச் சுடவில்லை.’ கடைசி வாக்கியத்துக்கு அடிக்கோடும் போட்டாள்.

கூட்டம் மாவட்டத் திருவிழா மைதானத்தில், மாட்டுக் கண்காட்சி நடக்கும் கொட்டகையில். மாடுகள் போய் ஒரு வாரமாகியும் வாசனை போகவில்லை. வாசலில் ஆரஞ்சு நிற மேலங்கி போட்ட ஒருவர் ரிவால்வரை வாங்கி, குண்டில்லை என்று பார்த்து, விசை அசையாதபடி பிளாஸ்டிக் நாடாவால் கட்டி, பச்சைச் சீட்டு ஒட்டினார். வெர்லினுக்கு ஒரு ஜோடி வெள்ளைக் கையுறை கொடுத்தார். இனிமேல் சொந்தக்காரரே ஆனாலும் வெறுங்கையால் அதைத் தொடக்கூடாதாம். வியர்வை பட்டால் சரித்திரம் கெட்டுவிடுமாம். வால்நட் கிண்ணத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தின்பண்டம் மேசைமேல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் ஆபத்து என்றார். ஆயிரத்துச் சொச்சம் துப்பாக்கி இருக்கிற கொட்டகையில் எலியால் வரும் ஆபத்தைப் பற்றி அவர் பேசினார். கிண்ணம் மேசைக்கு அடியில் போயிற்று.

நடீனும் கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். உறுப்பினர்களின் மனைவிமார் சமையற்கட்டில் பழம் வைத்த பைப் பலகாரம் சுட்டு விற்க வேண்டும் என்பது சங்கத்தின் மரபு. மரபு என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. அவளுக்கு ஒரு ஏப்ரனைக் கட்டி, மாவு பிசைய அனுப்பிவிட்டார்கள்.

வெர்லினுக்குக் கொடுத்த மேசை கடைசி வரிசையில், மாடு கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து மேசைக்காரர் எல்பர்ட் கூப்ஸ், சோகமான மீசை வைத்த மனிதர், விஷயத்தை விளக்கினார். சங்கத்தில் ‘கொன்றது’ என்று சொல்வது மரியாதை இல்லை. ‘பேசியது’ என்பார்கள். பேசிய ரிவால்வர்களுக்கு முன்வரிசை, கீழே கம்பளம், பக்கத்தில் ஹீட்டர். ஒருவரையும் கொல்லாதவை ஊமை. ஊமைகளுக்குக் குழாயடி.

“என்னோடது ஒரு கோவேறு கழுதை காதுல உரசியிருக்கு,” என்றார் எல்பர்ட். “அது பேச்சா, முனகலான்னு கமிட்டி ரொம்ப வருஷமா யோசிக்குது. நம்பிக்கையாத்தான் இருக்கேன்.”

முதல் சுற்றுக்கு நடுவர்கள் வந்தார்கள். தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு, சாவு வீட்டில் நடப்பது போல மெல்ல நடந்தார்கள். முன்னால் வந்தவர் சங்கத் தலைவர் டாக்டர் லைல் ஹாக்ஸ்பி. பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பதில் எதிர்பாராமல் பேசிப் பழகியவர். அவர் அட்டையைப் படித்தார். அடிக்கோட்டைப் பார்த்தார். வெர்லினின் தோளில் கைவைத்தார்.

“பரவாயில்ல,” என்றார். “எல்லாருக்கும் அமையறதில்ல.”

மற்ற நடுவர்களும் தலையை ஆட்டி அனுதாபப்பட்டார்கள். ஒருவர், அமைதியான குடும்பங்களிலும் நல்லவர்கள் உண்டு என்று ஆறுதல் சொன்னார். வெர்லினுக்குக் காது மடல் சுட்டது. வீட்டிலிருந்து கிளம்பும்போது பெருமையாக இருந்த அந்த அடிக்கோடு, இப்போது பரீட்சையில் தோற்றவன் தன் மதிப்பெண்ணைக் கூடத்தில் மாட்டிவைத்தது போலத் தெரிந்தது. பாவம், மாமனார். எத்தனை இரவு, எத்தனை சரக்கு வண்டி, கையில் குண்டு நிரப்பிய ரிவால்வர். ஒரு திருடனாவது வந்திருக்கக்கூடாதா? இப்படி நினைத்ததும் அவருக்குச் சீ என்று இருந்தது. ஆனாலும் நினைப்பு போகவில்லை. சமையற்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அட்டையை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் சுற்றில் ஹாக்ஸ்பியின் டார்ச் வெளிச்சம் பிடியின் அடியில் நின்றது.

“இது என்ன பள்ளம்?”

வால்நட் என்று சொல்ல வெர்லின் வாயைத் திறந்தார். தொப்பியை மார்பில் பிடித்த ஐந்து பெரிய மனிதர்களுக்கு முன்னால் அந்தச் சொல் வெளியே வரக் கூச்சப்பட்டது. “அவரு அதைப் பத்திப் பேசினதே இல்லைங்க,” என்றார். அது பொய்யில்லை. கொட்டை உடைத்த பள்ளத்தைப் பற்றி யார் உட்கார்ந்து பேசுவார்கள்?

நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“பேசினதே இல்லையாம்,” என்றார் ஒருவர்.

“நெஜமாச் செஞ்சவங்க பேசமாட்டாங்க,” என்றார் ஹாக்ஸ்பி.

வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. சரித்திரக் கமிட்டி பொரித்த மீனுக்குச் சொல்லிவிட்டுக் கூடி உட்கார்ந்தது. மீன் வருவதற்குள் சரக்குக் கொட்டடியில் ஒரு திருடன் வந்துவிட்டான். மீன் தீர்வதற்குள் அவன் கையில் கத்தியும் வந்தது. பைப் பலகாரம் வந்தபோது மழையும் பெய்யத் தொடங்கியது. ஆரன் முதலில் பிடியால் அவன் மண்டையில் அடித்தார், பள்ளம் விழுந்தது, அவன் அடங்கவில்லை, அதன்பின் வேறு வழியில்லாமல் ரிவால்வர் பேசியது. கண், காது, மூக்கு வைத்தாயிற்று. ஒவ்வொரு கட்டத்திலும் ஒருவர் வந்து, “இப்படித்தானே இருக்கும்?” என்று கேட்டார். வெர்லின் இல்லை என்று சொல்லவில்லை. தலை கொஞ்சம் அசைந்தது. தலை அசையும்போதெல்லாம் இரண்டு பேர் வந்து அவர் மேசையை, அடியிலிருந்த கிண்ணத்தோடு, ஒரு வரிசை முன்னால் தூக்கி வைத்தார்கள். எல்பர்ட் கூப்ஸ் குழாயடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஹீட்டர் பக்கத்தில் நல்ல கதகதப்பு. வெர்லினின் காலுக்குக் கீழே கம்பளம். முன்பின் தெரியாதவர்கள் வந்து கைகுலுக்கினார்கள். ஒருவர் தன் மகனைக் கூப்பிட்டு, இவரைப் பார்த்துக்கொள் என்றார். பஸ்ஸிலிருந்து இறங்கிய நாளுக்குப் பிறகு அவரை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. சுகமாக இருந்தது. அந்தச் சுகம் அவருக்கே கேவலமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே அனுபவித்தார்.

ஒரே ஒரு சிக்கல் மிஞ்சியது. செத்தவனுக்குப் பெயர் இல்லை. பெயரில்லாத பிணத்துக்கு மூன்றாம் பரிசுக்கு மேல் கொடுக்க விதியில் இடமில்லை. எனவே ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள்: ரயில் பாதையை ஒட்டிக் காணாமல் போன உறவினர் யாருக்காவது உண்டா?

ராய்ஸ் பிங்க்லி என்ற காப்பீட்டு முகவர் கையைத் தூக்கினார். அவருடைய தாத்தாவின் தம்பி ஏமஸ், புகையிலை வாங்கப் போனவர், திரும்பவே இல்லை. ஏமஸ் போன காலத்தில் ஆரன் ப்ரூயிட் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாரே என்று ஒருவர் கணக்குப் பார்த்தார். அதுவரை ஏமஸ் தலைமறைவாக இருந்திருப்பார் என்று கமிட்டி தீர்த்துவைத்தது. பிறகும் கலிஃபோர்னியாவிலிருந்து ஏமஸ் பெயரில் கிறிஸ்துமஸ் வாழ்த்து வந்துகொண்டிருந்ததாக பிங்க்லியே ஒப்புக்கொண்டார். அதை வேறு யாரோ அனுப்பியிருக்க வேண்டும் என்றார்கள். பிங்க்லிக்கு அழுகை வந்துவிட்டது. குடும்பத்தில் ஒருவராவது சரித்திரத்தில் செத்திருக்கமாட்டார்களா என்று ஏங்கியவர். அவர் வெர்லினைக் கட்டிக்கொண்டார்.

கட்டிப்பிடித்த பிடியில் வெர்லினுக்குப் பயம் பிடித்தது. அவர் ஹாக்ஸ்பியைத் தனியே அழைத்துப் போய், மெல்லிய குரலில், “டாக்டர், எங்க மாமனார் சுட்டாருன்னு நான் சொல்லவே இல்லையே,” என்றார்.

“தெரியும்,” என்றார் ஹாக்ஸ்பி. “கடைசி வரைக்கும் சொல்லல. அந்த அடக்கத்துக்காகத்தான் முதல் பரிசு.” அப்படிச் சொல்லி, நீல ரிப்பன் ஒன்றை அவர் சட்டையில், நடீனின் அட்டை இருந்த அதே பைக்கு மேல், குத்திவிட்டார். அட்டையைத் தாண்டி ஊசி உள்ளே இறங்கியது வெர்லினுக்கு மட்டும் தெரிந்தது.

மாலையில் எல்லோரும் மேடைக்கு முன்னால் கூடினார்கள். ஹாக்ஸ்பி மைக்கைப் பிடித்தார்.

“வெளியில இருக்கறவங்க நம்மளத் தப்பா நினைக்கறாங்க,” என்றார். “நமக்கு வன்முறை பிடிக்கும்னு நினைக்கறாங்க. சத்தியமா இல்ல. முடிஞ்சுபோன வன்முறைதான் நமக்குப் பிடிக்கும். இரத்தம் காஞ்சிருக்கணும். சொந்தக்காரங்க அழுது முடிச்சிருக்கணும். அதுக்கப்புறந்தான் நம்ம சங்கம் வரும், கையுறை போட்டுக்கிட்டு வரும். ஒரு உயிரோட அருமை நம்மளவிட யாருக்குத் தெரியும்? அதை வாங்கின துப்பாக்கிக்கு முன்வரிசையே குடுக்கறோமே.”

கைதட்டல் கூரையைத் தொட்டது. ஊமை வரிசைக்காரர்கள்தான் அதிகம் தட்டினார்கள். அடுத்து சமாதான நிகழ்ச்சி. சுட்டவரின் மகளும் சுடப்பட்டவரின் பேரனும் மேடையில் கைகுலுக்குவார்கள் என்று அறிவித்தார்கள். சமையற்கட்டிலிருந்து நடீனைக் கூட்டிவந்தார்கள். ஏப்ரன் முழுக்க மாவு. அப்பாவுக்குத்தான் ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, முகமெல்லாம் சிரிப்பாகப் படியேறினாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, ஏற்கெனவே மேடையில் நின்ற வெர்லினுக்கு ஓடிவிடலாமா என்று தோன்றியது. மேடையின் ஒரே படிக்கட்டில் பிங்க்லி நின்றுகொண்டிருந்தார்.

பிங்க்லி கையை நீட்டினார். “எங்க குடும்பம் உங்கப்பாவை மன்னிச்சிருச்சும்மா.”

“எதுக்கு?” என்று கேட்டாள் நடீன்.

ஹாக்ஸ்பி குனிந்து, கனிவான குரலில் மழை, கத்தி, மண்டை எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். நடீனின் சிரிப்பு உடனே போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயிற்று. அவள் ஹாக்ஸ்பியைப் பார்க்கவில்லை. கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

“வெர்லின், எங்கப்பா யாரைச் சுட்டாரு?”

பக்கத்தில் மைக் இருந்ததால் கேள்வி கொட்டகை முழுவதும் கேட்டது. வெர்லின் தன் ஷூவைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். யாரையும் இல்லை என்றால் முடிந்தது. ஆனால் முன்வரிசை முழுவதும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது, தன் மகனுக்கு அவரைக் காட்டிய அந்த மனிதர் உட்பட.

“கமிட்டி எழுதிருச்சு, நடீன்,” என்றார்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. நடீன் படியிறங்கி, முன்வரிசை மேசைக்குப் போனாள். அட்டை இருந்த இடம் காலியாக இருந்ததை ஒரு நிமிஷம் பார்த்தாள். குனிந்து மேசைக்கு அடியிலிருந்து ஒரு வால்நட்டை எடுத்தாள். மாவுக் கையால் ரிவால்வரைத் தூக்கினாள். கையுறை, கையுறை என்று நாலைந்து பேர் பதறினார்கள். அவள் மேடைக்குத் திரும்பிவந்து, மைக்குக்கு முன்னாலிருந்த பலகையில் கொட்டையை வைத்து, ரிவால்வரைத் தலைகீழாகப் பிடித்து ஒரு போடு போட்டாள்.

அந்தச் சத்தம் ஒலிபெருக்கி வழியாகக் கொட்டகையில் வெடித்தது. முன்வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் கம்பளத்தில் குப்புற விழுந்தார்கள். சரித்திரக் கமிட்டி மேசைக்கு அடியில் போயிற்று. ஹாக்ஸ்பி பிங்க்லிக்குப் பின்னால் ஒளிந்தார், பிங்க்லியும் அவருக்குப் பின்னால் ஒளியப் பார்த்ததில் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கறுப்பு வால்நட் ஒரு போட்டில் உடைகிற சாதி இல்லை. நடீன் இரண்டாவது போட்டாள். உடைந்தது. கொண்டை ஊசியால் பருப்பை நோண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

“இதுக்குத் தெரிஞ்ச பேச்சு இதுதான்,” என்றாள். “எங்கப்பா இதால வேற எதையும் உடைச்சதில்ல.”

கீழே கிடந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, எதையோ தேடிக் குனிந்தது போலத் தூசியைத் தட்டிக்கொண்டார்கள். கமிட்டி அங்கேயே கூடியது. அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. அறிவித்த பரிசைத் திரும்பப் பெறச் சங்க விதியில் வழியில்லை. பரிசு நிற்பதால் சம்பவமும் நிற்கும். சம்பவம் நிற்பதால், ஓர் உயிரைக் குடித்த சரித்திரப் பொருளை வெறுங்கையால் தொட்டு, மேலும் சேதப்படுத்திய குற்றத்துக்காகத் திருமதி ஸ்டக்கிக்குக் கண்டனம். அவள் ருசுவாகக் காட்டிய வால்நட், மேசைமேல் இருக்கக்கூடாத தின்பண்டம் என்பதால் சாட்சியமாக ஏற்கப்படவில்லை.

பிங்க்லிதான் ரொம்ப உடைந்துபோனார். “எனக்குன்னு இருந்த ஒரே செத்த ஆள்மா அவரு,” என்றார் நடீனிடம். நடீனுக்கு அவர்மேல் இரக்கமாகத்தான் இருந்தது. மிச்சப் பருப்பை அவர் கையில் கொடுத்தாள். அவரும் அழுதுகொண்டே தின்றார். வாசலில் எல்பர்ட் கூப்ஸ் ஓடிவந்து, இத்தனை பேர் தரையில் விழுந்ததைக் கமிட்டி கணக்கில் எடுக்குமா, ஏனென்றால் தன் கழுதைகூட அன்றைக்கு விழவில்லை என்று கேட்டார்.

வண்டியை நடீன் ஓட்டினாள். ரிவால்வர் தொப்பிக்குள், தொப்பி அவள் பக்கத்தில். வெர்லின் நல்ல வசவு விழும் என்று காத்திருந்தார், விழுந்தால் தேவலை போலிருந்தது. சோளக் காடுகள் போய்க்கொண்டே இருந்தன. கடைசியில் அவரே சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். நடுவில் ஊசி குத்திய ஓட்டை.

“இதை எப்ப எடுத்தே?” என்றாள் நடீன்.

“நீ சமையற்கட்டுக்குப் போனதும்.”

“யாராவது எடுக்கச் சொன்னாங்களா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“வெக்கமா இருந்துச்சு,” என்றார் வெர்லின். “அவரு யாரையும் கொல்லலன்னு எழுதியிருந்தது வெக்கமா இருந்துச்சு, நடீன்.” சொல்லிவிட்ட பிறகு வந்த வெட்கத்துக்கு முன்னால், நாள் முழுக்கப் பட்ட வெட்கமெல்லாம் ஒரு வெட்கமே இல்லை என்று ஆகிவிட்டது.

வழக்கமாக நிறுத்தும் சாலையோரக் கடையில் நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று அவருக்குப் புரியவில்லை. மன்னித்துவிட்டாளோ என்று ஒரு நப்பாசை எழுந்தது. காபி ஊற்ற வந்த பெண், அவர் சட்டையில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த ரிப்பனைப் பார்த்துவிட்டாள். கழற்ற வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

“முதல் பரிசா? எதுக்கு சார்?”

வெர்லின் ரிப்பனைக் கையால் மூடினார். மனைவியைப் பார்த்தார். நடீன் காபிக் கோப்பையைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சொல்லு,” என்றாள். “இப்பவாவது சொல்லு.”

கொட்டகையில் அத்தனை பேருக்கு முன்னால் வராத வார்த்தை, காபி ஊற்றும் ஒரு பெண்ணுக்கு முன்னால் மெல்ல வெளியே வந்தது.

“எங்க மாமனார் கையில காலம் பூரா துப்பாக்கி இருந்துச்சு. அவரு யாரையும் சுடல.”

அந்தப் பெண் கோப்பையை நிரப்பிவிட்டு நிமிர்ந்தாள். அவளுக்குக் கேலி செய்யும் எண்ணம் துளியும் இல்லை, உண்மையிலேயே ஆச்சரியப்பட்டாள்.

“அதுக்குக்கூடவா பரிசு குடுக்கறாங்க?” என்றாள்.